மாலை வேளை மருந்து

"சித்தி, இன்னொரு பிரெட்?"

காலை நேரத்தில் இந்த ஒரு கேள்வி வந்தால் போதும், சித்தியின் கை அந்தரத்தில் நின்றுவிடும். போன வாரம் வரை இப்படி இல்லை. கேட்டால் கொடுப்பாள், கேட்காவிட்டாலும் கொடுப்பாள். போன வாரம் கிளினிக்குக்குப் போய் வந்ததிலிருந்துதான், ஒரு துண்டு பிரெட்டை எடுப்பதற்குள் மனசு ஊரைச் சுற்றி வருகிறது.

பம்பரத்துக்கு ஒன்பது வயது. நடக்கப் பழகிய நாளில் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுவாள் என்பதால் அப்பா வைத்த செல்லப் பெயர். அந்தப் பம்பரம் இப்போது மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். குழந்தையிலிருந்தே வீசிங். இந்த இரண்டு வருஷத்தில் உடம்பும் பெருத்துவிட்டது.

"எடை ஏற ஏற வீசிங்கை அடக்குறது கஷ்டம்மா," என்று போன வாரம் சொன்னார் டாக்டரம்மா. "அதுக்காகப் பட்டினி போட்டுடாதீங்க. வளர்ற குழந்தை. இப்ப இருக்கிற எடை மேல ஏறாமப் பார்த்துக்கிட்டா போதும். உயரம் கூடும்போது தானா சரியாகும். கொஞ்சம் கொஞ்சமா ஓடி விளையாடட்டும்."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "நீ பார்த்துக்கோ," என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, எங்கேயோ எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டைச் சரிபண்ணப் போய்விட்டார்.

பார்த்துக்கொள்வது என்றால் எதை, எப்படி?

சித்தி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. குழந்தைக்கு ஒரு வாய் கூடக் கொடுத்தால், "பெத்தவளா இருந்தா இப்படி ஊதவிடுவாளா?" என்பார்கள். ஒரு வாய் குறைத்தால், "பெத்தவளா இருந்தா வயித்தைக் காயப்போடுவாளா?" என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஒண்ணு சாப்பிட்டாச்சுல்ல. முட்டை எடுத்துக்கோயேன்," என்றாள் கடைசியில்.

"முட்டையும் சாப்பிட்டாச்சு."

"அப்ப பழம்?"

பம்பரம் கொஞ்சம் யோசித்தாள். "பழம் சாப்பிட்டா பிரெட் தருவீங்களா?"

சித்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, பாதி துண்டைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். கொடுத்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. பாதி என்பதால் பாதி சரி, பாதி தப்பு என்று வைத்துக்கொண்டாள்.

இப்படிப் பாதி பாதியாகக் கணக்குப் போடுகிற பழக்கம் ஒரு வாரமாகத்தான். அதில் ஒரு கணக்கு யாருக்கும் தெரியாது.

பம்பரத்துக்கு இரண்டு இன்ஹேலர். நீலம், அவசரத்துக்கு. மூச்சு இழுத்தால் உடனே கொடுப்பது. பழுப்பு, தினசரி மருந்து. வீசிங் வராமல் காப்பது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிளாஸ்டிக் குடுவை ஒன்றை வாயில் பொருத்தி, அதற்குள் மருந்தை அழுத்தி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

டாக்டரைப் பார்த்த மறுநாள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெண்மணிக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் குழந்தையின் கதையைச் சொன்னாள் சித்தி. அந்தப் பெண்மணி மூக்கின் மேல் கண்ணாடியோடு அப்படியே நிமிர்ந்தாள்.

"ஐயோ, பழுப்பு இன்ஹேலரா? அது ஸ்டீராய்டும்மா! எங்க மாமியார் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு ஆறே மாசத்துல பூரி மாதிரி உப்பிட்டாங்க."

அன்று சாயங்காலம் பம்பரம் பழுப்பு இன்ஹேலரை எடுத்தபோது, "சாயங்காலம் இனிமே வேண்டாம். காலையில மட்டும் போதும்," என்றாள் சித்தி. பம்பரம் ஏன் என்று கேட்கவில்லை. மருந்தை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

எடை ஏறுவது மருந்தால் என்றால், மருந்தைக் குறைத்தால் எடை குறையும். எடை குறைந்தால் வீசிங் குறையும். வீசிங் குறைந்தால் மருந்தே வேண்டாம். படுத்துக்கொண்டு யோசித்தபோது இது நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருந்தது.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நேராக இருக்கிற விஷயத்தை ஏன் ஒளிக்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

* * *

கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு தாத்தாவின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள் சித்தி. எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன. தாத்தாவின் மூக்கில் கனமான சோதனை ஃபிரேம். அதில் ஒரு லென்ஸைப் போட்டு எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?"

"திரும்பக் காட்டுமா."

காட்டினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க ஐயா. ஒண்ணா, ரெண்டா?"

"எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்கும்மா உன்கிட்ட வர்றேன்?" என்றார் தாத்தா.

நியாயமான கேள்விதான். சித்தி அடுத்த லென்ஸை எடுக்கப் பெட்டியில் கை வைத்தபோது போன் அடித்தது. பள்ளிக்கூடத்து எண்.

"நான் விளையாட்டு மாஸ்டர் பேசறேன். பாப்பாவுக்கு ஓட்டப் பயிற்சியில மூச்சுத் திணறல் வந்துடுச்சு. நீல இன்ஹேலர் கொடுத்தோம், கொஞ்சம் அடங்கிச்சு, மறுபடியும் இழுக்குது. அப்பா போனை எடுக்கல. பக்கத்து பேங்க்ல அவங்க பெரியம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்குச் சொன்னோம். அவங்க கிளினிக்குக்கு அழைச்சுட்டுப் போயிருக்காங்க. நீங்க நேரா அங்க வந்துடுங்க."

"எப்படி இருக்கா? பேசறாளா?"

"ஒவ்வொரு வார்த்தையாத்தான் பேசறா. நீங்க சீக்கிரம் போங்கம்மா."

விளக்கைப் போட்டாள் சித்தி. தாத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"போம்மா. என் கண்ணு எங்கேயும் ஓடிப்போகாது."

டாக்ஸியில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்கு உலகமே கேட்காது. நாலாவது தடவையும் எடுக்கவில்லை. "கிளினிக்குக்கு வாங்க, குழந்தைக்கு முடியலை," என்று செய்தி அனுப்பினாள்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. சாயங்கால மருந்து.

அதை நிறுத்தியதாலா? இல்லை, ஓடியதால் வந்திருக்கும். ஓடச் சொன்னதே டாக்டர்தானே? இல்லை, அந்த உடம்போடு ஓடினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? இல்லை, மைதானத்துத் தூசி. இல்லை, மருந்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காரணம் கைகட்டி நின்றது. எது நிஜமானது என்று மட்டும் தெரியவில்லை.

* * *

கிளினிக்கின் உள்ளறையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பம்பரம். முகத்தில் நெபுலைசர் மாஸ்க். புகை மாதிரி மருந்து வந்துகொண்டிருந்தது. விரல் நுனியில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. சித்தியைப் பார்த்ததும் கிளிப் மாட்டிய விரலை லேசாக ஆட்டினாள்.

பக்கத்தில் பெரியம்மா. பேங்க் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பள்ளிக்கூடப் பை மடியில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பம்பரத்தைப் பெற்றவளுக்கு உடன்பிறந்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி போனபிறகு தங்கச்சி மகள்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேக்கும் க்ரீம் பன்னுமாக வந்து இறங்குவாள். சித்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கண்ணாடிக்கடைக்காரி" என்று முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேராக, "ஏம்மா."

"ஏம்மா, காலையில குழந்தைக்கு என்ன கொடுத்தே?"

"பிரெட், முட்டை, பழம்..." மூச்சிரைக்கச் சொன்னாள் சித்தி. "எப்படி இருக்கா அக்கா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"மத்தியானத்துக்கு?"

"சாதம், காய்கறி. டப்பாவுல போட்டுக் கொடுத்தேன்."

பெரியம்மா பையைத் திறந்து கவிழ்க்காத குறையாகக் காட்டினாள். "எங்கே டப்பா? பையில இல்லை. சாப்பிட்டியான்னு மாஸ்டர் கேட்டிருக்கார். இல்லைன்னு தலையாட்டியிருக்கா. வெறும் வயித்தோட ஓடியிருக்கா என் தங்கச்சி பெத்தது!"

"நான் கொடுத்து அனுப்பினேன் அக்கா. நெஜமா."

"டாக்டர் எடையைப் பத்திச் சொன்னதும் உனக்கு நல்ல சாக்காப் போச்சு. மேலே இருந்த பிஸ்கட் டப்பாவெல்லாம் காணோம்னு போன ஞாயித்துக்கிழமையே பார்த்தேன். வாயைத் திறக்கலை. மாப்பிள்ளை முகத்துக்காகச் சும்மா இருந்தேன்."

சித்திக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தது உண்மை. பட்டினி போட்டது பொய். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?

பெரியம்மாவின் குரல் தணிந்தது. தணிந்தபோதுதான் அதிகம் வலித்தது.

"உனக்குத் தெரியாது. என் தங்கச்சி ஈர்க்குச்சி மாதிரி இருப்பா. பலமாக் காத்தடிச்சா கையைப் பிடிச்சுக்கணும். இதே இழுப்பு வந்தப்போ, தாங்கிக்க உடம்புல ஒண்ணும் இல்லை. ஒரே நாள்ல போயிட்டா. அன்னைக்கே முடிவு பண்ணினேன், இந்தக் குழந்தையைச் சதைப்பிடிப்பா வளர்க்கணும்னு. நாலு நாள் இழுத்தாலும் தாங்குற உடம்பா. அதைப் போய் நீ கரைக்கப் பார்க்கிறே."

க்ரீம் பன்னுக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் இருக்கிறது என்று சித்திக்கு இதுவரை தெரியாது. ஆள் வறட்டுப் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது கோபப்படுவதா, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிப்பதா என்று குழப்பமாக இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். விரல் கிளிப்பைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"முன்னைக்கு இப்ப பரவாயில்லை. ஆக்ஸிஜன் ஏறியிருக்கு. ஆனா நெஞ்சு இன்னும் சுத்தமாகலை. இன்னொரு தடவை நெபுலைசர் போகட்டும்." நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "ஒரு வாரம் முன்னாடி பார்த்தப்போ இவ்வளவு மோசம் இல்லையே. தினசரி மருந்து ஒழுங்காப் போகுதா? காலையும் சாயங்காலமும்?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பதில் சொன்னாள்.

"அதெல்லாம் போகும் டாக்டர். நான் இவளை ஆயிரம் சொல்வேன். ஆனா மருந்து விஷயத்துல குறை சொல்லமாட்டேன். அதுல இவ கடிகாரம்."

இந்த ஒரு வருஷத்தில் பெரியம்மாவின் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டர் தலையை ஆட்டியிருப்பார், மருந்தைக் கூட்டி எழுதியிருப்பார், இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சித்தியும் சத்தம் போடாமல் இரண்டு வேளையும் கொடுத்திருப்பாள். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியாகிவிட்டது. செய்த குற்றத்துக்குப் பாராட்டு கிடைத்துவிட்டது. கூட்டிக் கழித்தால் சரியாகிவிடுமா?

மாஸ்குக்கு மேலே இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பம்பரத்துக்குத் தெரியும்.

"போகலை டாக்டர்," என்றாள் சித்தி. "சாயங்கால மருந்தை நான் நிறுத்திட்டேன். ஒரு வாரமா."

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. கடைக்கு வந்த ஒருத்தங்க, அது ஸ்டீராய்டு, ஆளை ஊதிடும்னாங்க. நீங்க எடையைக் கவனிக்கச் சொன்னீங்க. மருந்தே எடையைக் கூட்டினா... எனக்கு எதைப் பிடிக்கிறது, எதை விடுறதுன்னு தெரியலை டாக்டர்."

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களை மாதிரி நிறையப் பேர் பயப்படறாங்க. மாத்திரையா மாசக்கணக்குல சாப்பிட்டா உடம்பு ஏறும், நெஜம்தான். ஆனா இந்த இன்ஹேலர்ல இருக்கிறது ரொம்பச் சின்ன அளவு. பெரும்பாலும் மூச்சுக்குழாயோட நின்னுடும். அதை விட்டா உள்ளே வீக்கம் கூடும். கூடினா, இப்ப பார்த்தீங்கல்ல, இப்படித் திணறல் வரும். இப்ப இதை அடக்க நான் அஞ்சு நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையே தந்தாகணும். சின்ன மருந்துக்குப் பயந்து பெரிய மருந்துல வந்து நிக்கிறோம்."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த அஞ்சு நாளும் குழந்தைக்கு அகோரப் பசி எடுக்கும். அதுக்காகத் திட்டாதீங்க. திணறல் வந்தா மாத்திரை. மாத்திரைக்குப் பசி. பசிச்சுச் சாப்பிட்டா எடை. எடை கூடினா ஓட முடியாது. ஓடாட்டி இன்னும் எடை, இன்னும் திணறல். இந்தச் சக்கரத்துலதான் மாட்டிக்கிறாங்க. அதை நிறுத்துற கட்டையே அந்தப் பழுப்பு மருந்துதான்."

"அப்ப எடையால ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் பெரியம்மா. குரலில் ஓர் ஆசை இருந்தது.

"அப்படியும் சொல்லலை. வயித்துலயும் நெஞ்சுலயும் சதை சேர்ந்தா நுரையீரல் விரிய இடம் குறையும். கூட்டமான பஸ்ல கையைத் தூக்க முடியாத மாதிரி. உடம்புக்குள்ள ஒரு புகைச்சலும் இருந்துகிட்டே இருக்கும். அதனால ஒல்லியான குழந்தைக்குக் கேக்கிற மருந்து இவளுக்கு அவ்வளவு நல்லாக் கேக்காது. இன்னொரு கஷ்டமும் உண்டு. பாரத்தாலயும் மூச்சு வாங்கும், வீசிங்காலயும் மூச்சு வாங்கும். எது எதுன்னு குழந்தைக்கே சொல்லத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கு வந்தது எது?" என்று கேட்டாள் சித்தி.

"நெஞ்சுல விசில் கேக்குது. அதனால வீசிங் உண்டு, நிச்சயம். அதுல மருந்து விட்டதுக்கு எவ்வளவு பங்கு, பாரத்துக்கு எவ்வளவு, திடீர்னு ஓடினதுக்கு எவ்வளவுன்னு கேட்டா, பிரிச்சுச் சொல்ல எனக்கும் தெரியாதும்மா. சந்தேகமா இருந்தா நீல இன்ஹேலரைக் கொடுங்க, எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா மட்டும் முடிவு பண்ணாதீங்க."

பெரியம்மா பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள். "டாக்டர், என் தங்கச்சி ஒல்லியா இருந்துதான் போனா. இவ குண்டா இருந்து திணறுறா. அப்ப எப்படித்தான் இருக்கணும்?"

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் பெரிய இழுப்பு வரும். சதை அதைத் தாங்காது. அது நம்மைத் தாங்குற மூட்டை இல்லை, நாம சுமக்கிற மூட்டை. ஆனா உங்க தங்கச்சிக்கு அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. பார்க்காத ஆளைப் பத்தி நான் சொல்லக்கூடாது."

டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார். பெரியம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் கேக் வாங்கிக்கொண்டு போன கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. சித்தியைத் திட்ட இப்போது அவளிடம் நிஜமான காரணமே இருந்தது. ஏனோ திட்டவில்லை.

இரண்டாவது நெபுலைசர் முடிந்தது. நர்ஸ் வந்து மாஸ்கைக் கழற்றினாள். பம்பரத்தின் கன்னங்களில் மாஸ்க் வட்டமாகத் தடம் போட்டிருந்தது. கழுத்துக் குழி முன்போல் உள்ளே போகவில்லை.

"டப்பா எங்கடி செல்லம்?" என்றாள் பெரியம்மா.

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"தொடர் ஓட்டத்துல... கடைசியா ஓடுறவளுக்கு. அவ இடத்தை எனக்குக் கொடுத்தா. நான் டப்பாவைக் கொடுத்தேன்." நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள். "டப்பாவைத் திருப்பித் தந்துடுவா. சாப்பாடு மட்டும்தான் அவளுக்கு."

பெரியம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நீ எதுக்குடா ஓடினே?" என்றாள் சித்தி.

"டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா ஓடச் சொன்னாங்கல்ல. எல்லாத்தையும் ஒரே நாள்ல ஓடி முடிச்சுடலாம்னு."

சித்திக்கு அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்து தொலைத்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சித்தி."

"ம்."

"சாயங்கால மருந்தை நிறுத்தினது, நான் குண்டா இருக்கேன்னா?"

இந்தக் கேள்விக்கு எதைச் சொன்னாலும் தப்பு. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அது குழந்தையின் நெஞ்சில் காலமெல்லாம் கிடக்கும். சித்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ லேசா இருந்தா உன் மூச்சும் லேசா இருக்கும்னு நெனச்சேன். நெனச்சது தப்பு. யாரையும் கேக்காம நெனச்சது இன்னும் பெரிய தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்லை."

பம்பரம் கொஞ்ச நேரம் கையில் இருந்த கிளிப்பை அமுக்கி அமுக்கி விட்டாள்.

"எனக்கும் தெரியும், டாக்டர் ரெண்டு வேளை சொன்னாங்கன்னு. அந்த மருந்து வாயெல்லாம் கசக்கும். அதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

* * *

அப்பா வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சட்டை முழுக்கக் கிரீஸ். தோளில் தொங்கிய கருவிப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து, கட்டிலுக்கு அருகில் வந்து மகளின் தலையில் கை வைத்தார். வைத்த பிறகுதான் கை கறுப்பாக இருப்பதைப் பார்த்து எடுத்தார்.

"என்ன ஆச்சு?"

மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரிடமும் மூன்று பதில் இருந்தது.

பெரியம்மா சித்தியைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்றுதான் சித்தி நினைத்தாள். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. முந்திக்கொண்டது பம்பரம்தான்.

"ஓடினேன்பா. ரொம்ப ஓடிட்டேன். அதான்."

அப்பாவின் தோள் இறங்கியது. "அவ்வளவுதானே? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

கதவு திறந்து வழி விட்ட மாதிரி இருந்தது சித்திக்கு. குழந்தையே திறந்த கதவு. அதற்குள் நுழைந்துவிட்டால் வீடு, சமையல், நாளைக்குக் கண்ணாடிக் கடை. எல்லாம் பழையபடி. ஒன்பது வயதுப் பிள்ளை, தனக்குத் திணறல் வரக் காரணமானவளுக்காகப் பொய் சொல்கிறாள். அதை வாங்கி முடிந்துகொள்வதா?

"அது மட்டும் இல்லீங்க," என்றாள் சித்தி.

சொன்னாள். கடைக்கு வந்த பெண்மணி, மாமியாரின் மாத்திரை, நிறுத்திய மருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அப்பா கருவிப் பையைத் தரையில் வைத்தார். உள்ளே இரும்பு சரிந்து மோதியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க, 'நீ பார்த்துக்கோ'ன்னு சொன்னீங்க."

குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. கோபமா, வெட்கமா, வேறு எதுவோவா, படிக்க முடியவில்லை. 

"அப்புறம் பேசலாம்," என்றார். பில் கட்டுகிற இடத்துக்கு நடந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார், தேவைக்கு மேலேயே நின்றார்.

அப்புறம் என்றால் எப்போது? பேசலாம் என்றால் என்ன பேச? இந்த மனிதர் வெடித்துத் தீர்ப்பவர் இல்லை. உள்ளே போட்டு வைப்பவர். அவரிடம் கோபம் பயங்கரமா, மௌனம் பயங்கரமா என்று ஒரு வருஷக் குடித்தனத்தில் சித்திக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவர்கள் கிளம்பும் முன் டாக்டரம்மா வந்து சொன்னார். "வீட்டுக்குப் போகலாம். ஆனா ரெண்டு நாள் பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீல மருந்து. பழுப்பு மருந்து ரெண்டு வேளை, கண்டிப்பா. மூச்சு இழுத்தா உடனே தூக்கிட்டு வாங்க."

"நான் லீவு போடறேன்," என்றாள் பெரியம்மா எழுந்து. பில் கட்டிவிட்டு வந்த அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "மாப்பிள்ளை, ரெண்டு நாள் குழந்தை என் வீட்டுல இருக்கட்டும். உங்களுக்கு வேலை. இவளுக்கும் கடை. என்னால பக்கத்துலயே இருக்க முடியும்."

அப்பா சித்தியைப் பார்க்கவில்லை. "சரிங்கக்கா," என்றார்.

இரண்டு நாள் என்பது இரண்டு நாளோடு நிற்குமா? அல்லது இப்படித்தான் ஒரு குழந்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேருமா? வேண்டாம் என்று சொல்ல இன்றைக்குச் சித்திக்கு வாய் இல்லை. நர்ஸ் கொடுத்த புதுப் பழுப்பையும் நீலத்தையும் பிளாஸ்டிக் குடுவையையும் மாத்திரையையும் மருந்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

பம்பரம் கட்டிலிலிருந்து இறங்கி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னாள். "சித்தியும் வரட்டும்."

பெரியம்மா குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிவிட்டாள்.

தங்கச்சியின் இடத்துக்கு வந்தவள் என்பதால், பெரியம்மா வீட்டு வாசற்படியைச் சித்தி இதுவரை மிதித்ததில்லை. அவளும் கூப்பிட்டதில்லை, இவளும் கேட்டதில்லை.

"என் வீட்டுல ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு," என்றாள் பெரியம்மா.

"நான் நடுவுல படுத்துக்கிறேன்."

பெரியம்மா அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் மாட்டிக்கொண்டாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய், திரும்பாமல் நின்றாள்.

"மருந்துப் பையை எடுத்துக்கோ."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பா கீழே கிடந்த தன் கருவிப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சித்தி எடுத்துக்கொண்டாள்.